ஒரு பாட்டு நீளத்துக்குப் பால்

தேஷி,
5 பிப்ரவரி 1964

தக்கோராதித் துறைமுகத்தின் கலங்கரை விளக்கமும், என் தம்பி ஒபோதாய் இந்த உலகத்தில் விட்டுச்சென்ற ஒரே உருப்படியான பொருளுமாகிய என் மகள் ஒடார்லேவுக்கு,

தலைத்தொப்பியைக் கழற்றிவைத்து, கடலைப் பார்த்து நின்று, உன் பெரியப்பா ஒப்லிதே பிரகடனம் செய்வது என்னவென்றால்: இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீ நம்பமாட்டாய். மாப்பிள்ளை சோவா நம்பமாட்டார். பக்கத்தில் படுத்திருக்கும் நாய்கூட இப்போதே சந்தேகமாகப் பார்க்கிறது. அதனால் என்ன? எழுதுகிறேன்.

முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். நான் நலம். என் இடது முட்டி நலமில்லை, ஆனால் அதுவும் நானும் பேசிக்கொள்வதில்லை. என் பேரன் அஜெத்தே நலமா? உன்னை நலமா என்று கேட்கவில்லை. பல மாதமாக ஒரு வரி எழுதாதவள் திடீரென்று எழுதியிருக்கிறாய்: கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, தோலுக்கு அடியில் எறும்பு ஊர்கிறது, கயிறு அறுத்த கைக்கு நீங்கள் பூசும் வெண்ணெய் கிடைக்குமா என்று. மகளே, துறைமுகக் குமாஸ்தாவின் மனைவி எந்தக் கயிற்றை இழுத்தாள்?

கதைக்கு வருகிறேன். நான் துடுப்புத் தூக்கும் வயது வரை தாய்ப்பால் குடித்தவன். அப்படியிருக்க, உன் அப்பன் எங்கள் அம்மா வயிற்றில் வந்து குடியேறினான். அன்றிலிருந்தே பேராசைக்காரன். நான் குடிப்பதெல்லாம் தன் பங்கிலிருந்து போகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறான். ஒரு நாள் நான் குடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து விட்டான் ஓர் உதை. நான் பறந்தேன். மீன் புகைபோடும் அடுப்பைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி, ஊர்த்தலைவரின் குடையைத் தாண்டிப் பறந்து, லோமேக்குப் போய்க்கொண்டிருந்த படகில் விழுந்தேன். படகுக்காரர்கள் என்னைப் பெரிய பறவை என்று நினைத்து, மழை வருமா என்று கேட்டார்கள். வரும் என்றேன். வந்தது. அன்று முதல் என் வலது கன்னம் இடது கன்னத்தைவிடக் கொஞ்சம் தட்டை. சந்தேகமிருந்தால் வந்து தொட்டுப் பார்.

இந்தக் கதை எதற்கு இப்போது என்று நீ கேட்கமாட்டாய். நானும் சொல்லமாட்டேன். லாரியில் அங்கே வரும் வியாபாரி அம்மாவின் கையில் ஷியா கொட்டை வெண்ணெய் ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறேன். எந்தக் கயிறு அறுத்த இடத்துக்கும் பூசலாம்.

மீன்கள் மரியாதையோடு நினைவுகூரும்,
உன் பெரியப்பா ஒப்லிதே


தக்கோராதி,
22 பிப்ரவரி 1964

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள். அஜெத்தே நலம். இரண்டு வயதாகிவிட்டது, பேச்சு எல்லாம் வருகிறது, "வேண்டாம்" என்பது மட்டும் அதிகமாக வருகிறது. அவர் நலம். கப்பல் வந்தால் வீட்டுக்கு வருவதே இல்லை.

வெண்ணெய் வந்தது. நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று தெரிந்ததும் டப்பாவைத் திறக்கவே வெட்கமாக இருந்தது. இதையெல்லாம் பெரியப்பாவிடம் எழுதக் கூடாது. அம்மா இருந்தால் உங்களுக்கு எழுதுவேனா?

ஆமாம். மூன்று மாதம். அஜெத்தே இன்னும் குடிக்கிறான். இவருக்குத் தெரியாது, நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இங்கே பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: வயிற்றில் அடுத்தது வந்துவிட்டால் பால் கெட்டுவிடும், குடிக்கும் பிள்ளைக்குக் குவாஷியோர்கோர் நோய் வரும், கால் வீங்கி முடி செம்பட்டையாகிப் போய்விடும் என்று. பக்கத்து வீட்டு அடாக்கு என் கண்ணுக்கு நேராகவே கேட்டாள், "என்னடீ, பெரியவனைக் கொன்னுட்டுத்தான் சின்னதப் பெக்கப் போறியா?" என்று.

நிறுத்த முயன்றேன். அவன் அழுதால் என்னால் முடியவில்லை. கொடுத்தாலும் முடியவில்லை. காம்பு புண்ணாகிவிட்டது, அது கூடப் பரவாயில்லை. அவன் வாய் வைத்ததும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஏதோ ஊர்கிறது. எழுந்து ஓட வேண்டும்போல் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறேன். என் சொந்தப் பிள்ளையை அப்படியே பிடித்து...

வெண்ணெய் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிறது.

பெரியப்பா, ஒன்று மட்டும் வேடிக்கை இல்லாமல் சொல்லுங்கள். அந்தப் பால் விஷமா?

உங்கள் மகள்,
ஒடார்லே


தேஷி,
4 மார்ச் 1964

எறும்புகளின் மகாராணிக்கு,

நான் நலம். முட்டி உன் விசாரிப்பை ஏற்றுக்கொண்டது, பதில் சொல்லவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் என் முகம் சிவந்த சிவப்பில், கரையிலிருந்த படகுகள் எல்லாம் சூரியன் மறைகிறது என்று நினைத்துத் திரும்பிவிட்டன. ஆனாலும் நான் யார்? கரைவலையின் முதல் கயிற்றை வாழ்நாளெல்லாம் பிடித்தவன். உள்ளங்கை அறுபடுவதைப் பற்றி என்னைவிட அறிந்தவன் கினியா வளைகுடாவிலேயே கிடையாது. ஆகவே கேள்.

கரைவலை இழுக்கிறவன் எவனும் கையில் வலி இருக்கிறதா என்று யோசித்து இழுப்பதில்லை. அப்படி யோசித்தால் கயிற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான், ஊர் முழுக்க மீனில்லாமல் வெறும் சோளமாவுக் கெங்கே உருண்டையைத்தான் தின்னும். அவன் பாட்டைப் பார்த்து இழுக்கிறான். முன்னால் நிற்பவன் பாட ஆரம்பித்தால் பிடி. கடைசியில் எல்லோரும் "ஹே!" என்று கத்தினால் விடு. வலி என்னவோ இருக்கிறதுதான். ஆனால் அதற்கு ஒரு கரை வந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாத வலிதான் மனிதனைக் கடித்துத் தின்னும்.

உன் மகன் படகுத் தலைவனின் பேரன். அவனிடம் சொல்: "பாட்டு தொடங்கினா கயிறப் புடி, ஹேன்னா விட்டுடணும். விடாத ஆளுக்குப் பங்கு கிடையாது." பாட்டு உனக்குத் தெரியும், உன் அப்பன் தோளில் உட்கார்ந்து கேட்டதுதான்:

வா கடலே வா, மெல்ல வா,
வயிறு நிறைய வந்து போ,
கொண்டு வந்ததைக் கொடுத்துப் போ,
கொடுத்த பின்னே திரும்பிப் போ — ஹே!

மெதுவாகப் பாடினால் ஒரு வலை வரும் நேரம். வேகமாகப் பாடினால் தும்முகிற நேரம். எது வேண்டுமோ அது உன் வாயில் இருக்கிறது. உட்கார்ந்து கொடுக்காதே, ஒருக்களித்துப் படு, வயிற்றுக்கு ஒரு தலையணை வை. பக்கத்தில் தண்ணீரும் வறுத்த வேர்க்கடலையும் வைத்துக்கொள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. நான் எல்லாம் அறிந்தவன்.

நீ கடைசியாகக் கேட்டதற்கு அப்புறம் எழுதுகிறேன். விளக்கில் எண்ணெய் இல்லை.

(காலை பத்து மணிக்கு எழுதப்பட்டது.)

உன் பெரியப்பா


தக்கோராதி,
20 மார்ச் 1964

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நீங்களும் முட்டியும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். உண்மையாகவே கொஞ்சம் நலம்.

பாட்டு வேலை செய்கிறது. முதல் நாள் "ஹே!" என்றதும் அவன் விடவில்லை, என்னைக் கடித்தான். நான் கத்திய "ஹே" துறைமுகம் வரை கேட்டிருக்கும். இரண்டாம் நாள் "வலை காலி" என்று கையை விரித்துக் காட்டினேன். அவனும் கையை விரித்துப் பார்த்தான். இப்போது அவனே கடைசி வரியில் தயாராகிவிடுகிறான். ஹே என்று அவனும் கத்துவான், வாயில் பால் வழிய. பிறகு என் மார்பைத் தட்டிக்கொடுத்து "வலை காலி" என்று சொல்லிவிட்டு விளையாடப் போகிறான். ஒரு நாளைக்கு மூன்று வலை. அதற்குமேல் கடல் மூடிவிட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

அடாக்கு சுவருக்கு அப்பாலிருந்து கேட்கிறாள், "ஒடார்லே, உள்ள என்ன மீனா புடிக்கிற? எனக்கும் ரெண்டு வாளை குடுடீ!" என்று.

எறும்பு போகவில்லை. இன்னும் ஊர்கிறது. ஆனால் நான் இரண்டாம் வரியில் இருக்கிறேன், மூன்றாம் வரியில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. சில நாள் மிக மோசமாக இருந்தால் முதல் வரியிலிருந்து நேராகக் கடைசி வரிக்குத் தாவிவிடுகிறேன். அவன் சந்தேகமாக அண்ணாந்து பார்க்கிறான், உங்கள் நாயைப் போல.

பெரியப்பா, நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. தினமும் காலையில் அவன் காலை அழுத்திப் பார்க்கிறேன், பள்ளம் விழுகிறதா என்று. குழந்தை சிரிக்கிறான், விளையாட்டு என்று நினைத்து.

அத்தை ஈஸ்டருக்கு லபாடியிலிருந்து வருகிறார்களாம்.

ஒடார்லே


தேஷி,
25 மார்ச் 1964

மூன்று வலைக்காரிக்கு,

நான் நலம். அவசரமாக எழுதுகிறேன்.

உன் மாமியார் கொஷி வருகிறாரா! அவரை எனக்கு நன்றாகத் தெரியும். லபாடிக்கும் தேஷிக்கும் நடுவே ஒரு முறை யானை வழிமறித்தபோது அவர் இடுப்பில் கைவைத்து ஒரு பார்வை பார்த்தார், யானை வடக்கே போய் இன்றுவரை திரும்பவில்லை. ஆனால் கெட்டவர் இல்லை. மீன் புகைபோடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இதோடு நெத்திலிக் கருவாட்டை வறுத்து இடித்த பொடி ஒரு பை வருகிறது. அஜெத்தேயின் சோளக் கஞ்சியில் ஒவ்வொரு வேளையும் ஒரு கை போடு. வெறும் கஞ்சி மட்டும் கொடுக்காதே. அவரைக்கொட்டை கிடைத்தால் அதையும் மசித்துப் போடு. கிளினிக்கில் முட்டை கொடுக்கச் சொன்னால் முட்டை கொடு. நீயும் தின்னு. காலை அழுத்திப் பார்ப்பதை நிறுத்து. பார்க்க வேண்டுமென்றால் கஞ்சிச் சட்டியைப் பார்.

இதில் வேடிக்கை எதுவும் எழுதவில்லை என்பதைக் கவனி. எனக்கே ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பெரியப்பா


தக்கோராதி,
12 ஏப்ரல் 1964

பெரியப்பாவுக்கு,

நலம். நீங்கள் நலமா.

அத்தை வந்தார்கள். மூன்றாம் நாள் பாட்டைக் கேட்டுவிட்டார்கள். முதலில் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள், யார் வலை இழுப்பது என்று பார்க்க. பிறகு சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. என் வயிற்றையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

வேப்பிலைச் சாறு பூசினார்கள். அவன் முகத்தைச் சுளித்தான், துடைத்தான், "பாடு" என்றான். அவ்வளவுதான், அத்தை அவன் துணிகளைக் கட்டிவிட்டார்கள். இவர் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது? விஷம் இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்?

லபாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நெத்திலிப் பொடி இங்கேயே இருக்கிறது. பையை மறந்துவிட்டோம்.

மார்பு கல்லாகிவிட்டது, முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டியிருக்கிறேன். எறும்பு இல்லை. ஒன்றுகூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஒ.


தேஷி,
19 ஏப்ரல் 1964

என் மகளுக்கு,

நான் நலம், நலம், நலம். நீயும் அப்படியே என்று எழுதவும்.

உன் கடிதம் வந்தது. ஒரு செய்தி கேள். நேற்று எங்கள் கரையில் ஒதுங்கிய சுறா இறப்பதற்கு முன் என் பெயரைச் சொல்லி, ஒடார்லேயிடமிருந்து அடுத்த கடிதம் வந்ததா என்று கேட்டது. இல்லை என்றேன். அதைக் கேட்டுத்தான் செத்தது. இப்படி மீன்களைக் கொல்லாதே. எழுது.

பெரியப்பா


தேஷி,
3 மே 1964

ஒடார்லே,

நலமா? எழுது. வெறும் காகிதம் அனுப்பினாலும் போதும்.

சுறா எதுவும் வரவில்லை.

ஒப்லிதே


லபாடி, உன் மாமியார் வீட்டு முற்றம்,
12 மே 1964, செவ்வாய்

என் மகள் ஒடார்லேவுக்கு,

அஜெத்தே நலம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். மற்றதை மூச்சு விட்டுப் படி.

இன்று காலை லபாடிக்கு வந்தேன். பட்டுத்துணி போர்த்தி, கைத்தடி பிடித்து, உன் மாமியாரிடம் பேசுவதற்கு அட்லாண்டிக் கடலே எழுந்து வந்தது போல் வந்தேன். வாசலில் நின்று தொண்டையைச் செருமினேன்.

"யாரு அது? தேஷிப் பொய்க்காரரா?" என்று உள்ளேயிருந்து குரல்.

"சம்பந்தியம்மா, நான் என் பேரனைப் பார்க்க வந்தேன்."

"கடக்கரைக்குப் போங்க. அங்கதான் இருக்கான்."

"தனியாவா?"

"கூட ஆள் இருக்கு. போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து எங்கிட்டப் பேசுங்க."

போனேன். செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு நாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படகுகள் எல்லாம் மேலே இழுத்துக் கிடந்தன. ஆள் நடமாட்டம் இல்லை. சுருட்டிவைத்த கரைவலைக் கயிற்றின் மேல் உன் மகன் உட்கார்ந்திருந்தான். சற்றுத் தள்ளி ஒரு பெண், உன் மாமியாரின் தங்கை மகள், காவலுக்கு. அவன் கயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தான். மெல்லத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி தட்டி.

"என்ன பண்றான்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"மத்த நாள்ல வலை இழுக்கப் பாட ஆரம்பிச்சதும் ஓடி வந்துடுவான், தாத்தா. மீன் வாங்க நிக்கிற பொம்பளைங்க ஒவ்வொருத்தி துணியையும் இழுத்து மூஞ்சியப் பாப்பான். பாட்டு முடியிற வரைக்கும் தேடுவான். ஹேன்னதும் உக்காந்துடுவான். இன்னிக்குப் பாட்டு இல்லல்ல, அதான் கயித்தப் பாடச் சொல்லிக்கிட்டிருக்கான்."

ஒடார்லே, நான் இதற்கு ஒரு சுறாவையும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தெரியவில்லை.

தூக்கிக்கொண்டு வந்தேன். இளைத்திருக்கிறான், கால் வீக்கம் இல்லை, நானே பார்த்தேன். உன் மாமியார் அடுப்பின் முன் உட்கார்ந்து மீனைத் திருப்பிக்கொண்டிருந்தார், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேன்."

"திட்டுறதுன்னா திட்டுங்க. எனக்கு அவன் உசிரோட இருந்தாப் போதும். சோவாவுக்கு முன்னாடி எனக்கு ஒரு பையன் இருந்தான். உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, அவனும் அதிக நாள் இல்ல. சோவா வயித்துல இருக்கான்னு தெரியாம ரெண்டு மாசம் பால் குடுத்துட்டேன். தெரிஞ்ச அன்னிக்கே புடுங்கி அடா ஊருல இருக்கிற எங்க அத்தை வீட்டுக்கு அனுப்பினேன். அங்க போயும் பிழைக்கல. கால் வீங்கிப்போச்சு, முடி செவந்துபோச்சு. அந்த ரெண்டு மாசப் பாலு. நான் குடுத்த பாலு."

"அங்க என்ன சாப்பிட்டான், கொஷி?"

"கஞ்சிதான். வேற என்ன? அது பஞ்ச வருஷம். கடல்ல ஒண்ணும் இல்ல."

நான் வாயைத் திறந்தேன். ஒடார்லே, என் வாய் திறந்தால் மூடுவது கடினம் என்று இரண்டு ஊருக்கும் தெரியும். மூடிக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து அந்தக் கஞ்சியைப் பற்றி அவளிடம் நான் என்ன சொல்ல? அவள் மீனைத் திருப்பினாள். அஜெத்தே என் மடியில் இருந்தான்.

பிறகு அவள் பக்கத்தில் குனிந்து, காதருகே ஒரு விஷயம் சொன்னேன். அதை யாருக்கும் சொன்னதில்லை. இந்தக் கடிதத்திலும் எழுதமாட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இதுவும் உங்க பொய்யா?" என்றாள்.

"இல்ல."

"உங்க அம்மா மேல சத்தியமா?"

"அம்மா மேலதான்."

அவள் எழுந்து கையைக் கழுவினாள். நெத்திலி காயப்போட்ட பாயிலிருந்து ஒரு கை அள்ளி உரலில் போட்டாள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வசவு: எனக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று, அடா ஊர்க் கஞ்சிக்கு ஒன்று.

நாளை காலை லாரியில் வருகிறோம். மூவரும். அவள் முன் இருக்கை, நான் மூட்டையோடு பின்னால். இந்தக் கடிதத்தை இன்றிரவு லாரியிலேயே அனுப்புகிறேன், எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாலாவது வந்து சேரட்டும். உனக்கு அழ நேரம் வேண்டும். நாங்கள் வந்தபின் முடியாது, கூட்டமாக இருக்கும்.

ஒப்லிதே


தக்கோராதி,
30 ஜூன் 1964

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் திரும்பிப் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. லாரி மூட்டைக்கும் முட்டிக்கும் இடையிலான சண்டை தீர்ந்ததா?

அவன் அன்று வந்ததை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டீர்கள், அதனால் மிச்சத்தைச் சொல்கிறேன். என் முகத்தைக் கையால் தொட்டுப் பார்த்தான். பிறகு "பாடு" என்றான். பாடினேன். பால் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எறும்பு வந்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை, மொத்தப் படையும் திரும்பி வந்துவிட்டது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். இதற்காகவா இத்தனை நாள் அழுதேன் என்று.

அது வந்த சந்தோஷம் ஒரு வாரம்தான். பிறகு பழையபடி பல்லைக் கடிக்கிறேன். அதை மறைக்கமாட்டேன். சில நாள் "இன்னைக்கு வலை கிழிஞ்சுபோச்சு" என்று சொல்லி அவனை இவரிடம் கொடுத்துவிட்டுத் தெருவில் நடக்கிறேன், துறைமுகம் வரை, திரும்பி. இவர் இப்போது கப்பல் வந்தாலும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். அத்தை என்ன சொன்னார்களோ.

அத்தை இங்கேதான் இருக்கிறார்கள். நான் பாடும்போது முதலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த வாரம் ஹே மட்டும் சொன்னார்கள். இப்போது முழுப் பாட்டும் அவர்கள்தான், நான் ஹே மட்டும். அவர்கள் வேகமாகப் பாடினால் அஜெத்தே வாயை எடுத்து முறைக்கிறான். நெத்திலிப் பொடி இல்லாத கஞ்சி இந்த வீட்டில் அடுப்பேறுவதில்லை. கஞ்சிக்கே கருவாட்டு வாசம், எனக்குக் குமட்டுகிறது. "குமட்டினா வெளிய போ, அவன் திங்கட்டும்" என்கிறார்கள்.

பெரியப்பா, இதைச் சொல்லத்தான் எழுதினேன். போன ஞாயிறு அத்தை பாட ஆரம்பித்தார்கள், அவன் வந்து வாய் வைத்தான், முதல் வரியிலேயே எடுத்துவிட்டான். என்னைப் பார்த்துக் கையை விரித்தான். "வலை காலி" என்றான். அழவில்லை. என் வயிற்றின் மேல் குனிந்து அங்கேயும் கையை விரித்துக் காட்டிச் சொன்னான், "வலை காலி, நாளைக்கு வா." அப்புறம் போய்விட்டான். மறுபடி கேட்கவில்லை. தினமும் பாட்டு மட்டும் கேட்கிறான், என் பக்கத்தில் படுத்துக்கொண்டு.

நான் பிடுங்கவில்லை. அவனே விட்டான். அத்தை வெளியே போய் அடாக்குவோடு எதற்கோ சண்டை போட்டுவிட்டு வந்தார்கள், கண் சிவந்திருந்தது.

அத்தையின் காதில் என்ன சொன்னீர்கள்? கேட்டால் "உன் பெரியப்பன் பொய்க்காரன்" என்கிறார்கள். ஆனால் உங்களுக்கென்று புகைபோட்ட மீன் ஒரு கூடை கட்டிவைத்திருக்கிறார்கள்.

உங்கள் மகள்,
ஒடார்லே


தேஷி,
2 செப்டம்பர் 1964

இரண்டு பிள்ளைகளின் தாயும், கினியா வளைகுடாவின் பெரும் படகுத் தலைவியுமாகிய என் மகள் ஒடார்லேவுக்கு,

பெண் குழந்தை என்று தந்தி கண்டேன். பிறந்த செய்தி கேட்டு இங்கே பகலிலேயே நிலா வந்தது. நண்டுகள் நேராக நடந்தன. நாய் என்னை நம்பியது. தாயும் சேயும் நலம் என்பதால் நானும் நலம். முட்டியும் நானும் சமாதானமாகிவிட்டோம்.

புதிய ஆளுக்குப் பால் வந்துவிட்டதாம், பெரியவன் எட்டிப் பார்த்து "வலை வந்துடுச்சு" என்று ஊரைக் கூட்டினானாம், மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். அவன் கேட்டால் நீ விரும்பினால் கொடு, விரும்பாவிட்டால் பாட்டை மட்டும் கொடு.

உன் மாமியார் காதில் என்ன சொன்னேன் என்று கேட்டாய். அந்தப் பால் விஷமா என்று மூன்று முறை கேட்டாய், அதற்கும் நான் பதில் எழுதவில்லை. இரண்டுக்கும் ஒரே பதில்தான். என் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நடுவில் நின்றது. "வெளிய சொன்னா கடல் உன் நாக்கை எடுத்துக்கும்" என்று அவள் சொல்லியிருந்தாள், மூன்று வயதுப் பையனிடம். ஒரு உண்மையைக் காலமெல்லாம் நாக்குக்கு அடியில் வைத்திருப்பவன், மேலே வேறு எதையாவது போட்டு மூடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். நான் மூடிய மூடல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

என் முதல் கடிதத்தை எடு. லோமேயை அடித்துவிடு. படகை அடித்துவிடு, மழையை அடித்துவிடு. ஊர்த்தலைவரின் குடையை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடித்துவிடு. நான் பறக்கவே இல்லை.

மீன் புகைபோடும் அடுப்புக்குப் பின்னால் என் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். ஊரைப் பொறுத்தவரை எனக்குப் பால் மறக்கடித்து மாதக் கணக்காகிவிட்டது. முந்தானைக்குள் நான் இருக்கிறேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, காலை மணலில் தேய்த்துக்கொண்டு, கரையில் வலை இழுக்கிறவர்களோடு சேர்ந்து அந்தப் பாட்டை முணுமுணுக்கிறாள். ஏன் தேய்க்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. உன் கடிதம் வந்த அன்றுதான் தெரிந்தது. என் கன்னம் அவள் வயிற்றின் மேல் இருக்கிறது. உள்ளே உன் அப்பன்.

அந்தப் பாலைக் குடித்தவன் கிழவனாகி இந்தக் கடிதத்தை எழுதுகிறான். உள்ளே இருந்தவன் உன்னைப் பெற்றான்.

என் கன்னம் தட்டையாகவில்லை, மகளே. ஆனால் அவன் உதைத்தான். வலது கன்னத்தில், ஒரே ஒரு முறை, மெல்ல. அது மட்டும் நிஜம்.

உன் பெரியப்பா,
ஒப்லிதே